பதற்றம் தணிக்கும் மாத்திரைகளும் அவற்றைக் கைவிடும் முறையும்

2016ஆம் ஆண்டு மே மாதம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் நிகழ்ந்த மண்சரிவுகளை சப்ரகமுவ மலைச்சரிவுகளில் வாழும் எமது மக்கள் மறந்துவிடவில்லை. அடைமழை பெய்யும் இரவுகளில் லயன் அறைகளில் உறக்கமின்றி விழித்திருப்போர் இன்றும் உள்ளனர். நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை என வைத்தியரை நாடுவோருக்கு வழங்கப்படும் மருந்துகளுள் பென்சோடயசிப்பைன் வகை மாத்திரைகளும் அடங்கும். அவற்றை உட்கொள்ளத் தொடங்குவது எளிது. கைவிடுவது அத்துணை எளிதன்று.

இவ்வகை மருந்துகளுள் முதலாவதான லிப்ரியம் 1960இலும், வேலியம் எனப்படும் டயசிபாம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்னர் வழக்கிலிருந்த பார்பிட்டுரேட் மருந்துகள் அளவு மீறினால் உயிரைப் பறிக்கக்கூடியவை. ஆகையால் புதியவை தீங்கற்றவை எனக் கருதப்பட்டன. உடல் இவற்றுக்குப் பழகிவிடும் என்ற உண்மை பரவலாக ஏற்கப்படப் பல ஆண்டுகள் சென்றன. 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், இவ்வகை மருந்துகள் அனைத்தினதும் விபரக்குறிப்பில் இது பற்றிய உச்சநிலை எச்சரிக்கையைச் சேர்க்குமாறு பணித்தது.

இம்மாத்திரைகள் அனைத்தும் மூளையின் ஒரே பொறிமுறையில் செயற்படுபவையே. ஆனால் வலுவிலும் உடலில் தங்கும் காலத்திலும் அவை வேறுபடுகின்றன. அல்பிரசோலம், லோராசிபாம் ஆகியவற்றின் பாதியளவு ஏறத்தாழ 12 மணித்தியாலங்களில் உடலிலிருந்து நீங்கிவிடும். குளோனசிபாமுக்கு ஒரு நாளுக்கு மேற்பட்ட காலம் தேவைப்படும். டயசிபாம் ஓரிரு நாட்கள் எடுப்பதுடன், அது சிதைந்து உருவாகும் பொருள் அதனிலும் நீண்ட காலம் தங்கியிருக்கும்.

வலுவைப் பொறுத்தவரை, 1982 முதல் 1994 வரை இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் இம்மருந்துகளைக் கைவிடுவோருக்கான சிகிச்சை நிலையத்தை நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டனின் கணிப்பின்படி, 10 மில்லிகிராம் டயசிபாமுக்கு 1 மில்லிகிராம் லோராசிபாமோ, 0.5 மில்லிகிராம் அல்பிரசோலமோ குளோனசிபாமோ ஏறத்தாழ ஈடாகும். எனவே, "அரை மில்லிகிராம்தானே" என்று எண்ணி அதனை இலேசான மாத்திரையாகக் கொள்வது தவறாகும். அதேவேளை, இக்கணக்கை வைத்துக்கொண்டு ஒருவர் தாமாகவே மாத்திரையை மாற்றிக்கொள்வதும் ஆபத்தானது.

நாள்தோறும் சில வாரங்கள் உட்கொண்டவருக்கும் திடீர் நிறுத்தம் துன்பம் தரலாம். விரைவில் நீங்கும் அல்பிரசோலம், லோராசிபாம் ஆகியவற்றை நிறுத்தினால் ஓரிரு நாட்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். டயசிபாமை நிறுத்தியவருக்கோ அவை பல நாட்கள் கழித்தே தலைகாட்டக்கூடும். அதனால் காரணம் புரியாமற் போவதுண்டு. தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, படபடப்பு, ஒளியையும் ஒலியையும் தாங்க இயலாமை ஆகியவை பொதுவானவை. கடுமையான நிலையில் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்படலாம். வலிப்பு உயிராபத்தாகவும் முடியலாம். பழைய நோயே திரும்பிவிட்டது எனக் கருதி இதனை அலட்சியம் செய்யலாகாது.

தோட்டப்புறங்களில் மாத்திரை திடீரென நின்றுபோவதற்குப் பல வழிகள் உள்ளன. மழையால் பாதை தடைப்படலாம். பணம் இல்லாமற் போகலாம். கொழும்புக்கு வேலைக்குச் செல்பவர் மருந்தை விட்டுச் செல்லலாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாடு முழுவதும் நிலவிய மருந்துத் தட்டுப்பாட்டையும் நாம் அறிவோம். இந்நிலையில், பெயர் எழுதப்படாத கடதாசி உறையில் மாத்திரை பெற்றவர், தாம் உட்கொண்டது எதுவென்று அடுத்த வைத்தியரிடம் எவ்வாறு கூறுவார்?

ஆகவே, மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாட்களுக்கு என்பவற்றை எழுதித் தருமாறு கேட்டுப் பெறுதல் வேண்டும். கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்துதல் வேண்டும். நீண்ட காலம் உட்கொண்டவர் வைத்தியரின் கண்காணிப்பில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் வரை குறைத்துச் செல்வதே ஏற்கப்பட்ட முறையாகும். சிலருக்கு வைத்தியர்கள் டயசிபாமுக்கு மாற்றிய பின்னர் குறைப்பர். மதுவுடனோ, கசிப்புடனோ, டிரமடோல் போன்ற வலிநிவாரணிகளுடனோ இவற்றைச் சேர்த்தால் சுவாசம் தடைப்படலாம். முதியோர் தள்ளாடி விழும் அபாயமும் உண்டு. செங்குத்தான படிகளும் வழுக்குப் பாதைகளும் நிறைந்த தோட்டங்களில் இது சிறிய விடயமன்று.

நீடித்த பதற்றத்துக்கு உளவளத்துணையும், செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் பயன் தரும். அத்தகைய மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் செல்லும்; அவற்றையும் படிப்படியாகவே நிறுத்த வேண்டும். தேசிய மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. அவ்வுரிமை மருந்து உறையின் மேல் நான்கு எழுத்துக்களாகவேனும் தென்பட வேண்டாமா? தோட்ட மருந்தகங்களும் தனியார் சிகிச்சை நிலையங்களும் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுக்க முன்வர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.