தாத்தா இன்ஜினுக்கு டர்போ

ரெனோ 5 தெரியுமா மக்களே? 1972-ல் பிரான்சில் வந்த குட்டிக் கார். காய்கறி வாங்கப் போற ஜாதி. அதை வச்சு ராலி ஜெயிக்கணும்னு ரெனோவுக்கு ஆசை.

புது இன்ஜின் செய்யலை. 1962-ல் பிறந்த, புஷ்ராடு வைத்த இரும்பு பிளாக் இன்ஜின், 1397 சிசி. அதிலேயே காரெட் டர்போவை மாட்டினார்கள். அன்றைய ராலி விதிப்படி டர்போ இருந்தா கொள்ளளவை 1.4-ஆல் பெருக்கணும். பெருக்கிப் பாருங்க: 1956. 2000 சிசி பிரிவுக்குள்ள சமத்தா உட்கார்ந்துடுது!

டர்போ காற்றைத் திணிச்சா பெட்ரோல் தானா வெடிக்க ஆரம்பிக்கும். அதனால கம்ப்ரெஷனை 7-க்கு இறக்கினாங்க. அழுத்தம் ஏறி இறங்க, கார்புரேட்டருக்கு ஈடுகொடுப்பது கஷ்டம். எனவே பாஷ் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன். உள்ளே போற காற்று ஒரு தட்டைத் தூக்கும். தட்டு எவ்வளவு எழும்புதோ அதுக்கேத்த பெட்ரோல். கம்ப்யூட்டரே கிடையாது. கோட் எழுதிப் பொழைக்கிற எனக்குக் கொஞ்சம் பொறாமைதான் :-)

பின் சீட்டைத் தூக்கிட்டு அங்கே இன்ஜினை வச்சாங்க. 1980-ல் வந்த ரோட்டு மாடலுக்கே 160 குதிரைத்திறன். 1981 மான்டி கார்லோ ராலியில் ழான் ரக்னோட்டி இதை ஓட்டி ஜெயித்தார்.

பிறகு வந்த, விலை குறைந்த 5 ஆல்பைன் டர்போவில்? இன்ஜின் பழையபடி முன்னாடி. டர்போ உண்டு. இன்ஜெக்‌ஷன் போயி மறுபடி கார்புரேட்டர்!