மூன்றாவது கட்டம்

2012 பிப்ரவரி வரை பிரெஞ்சு அரசுப் படிவங்களில் பெயருக்கு முன்னால் மூன்று கட்டங்கள் இருந்தன. ஆணுக்கு ஒன்று: முசியே. பெண்ணுக்கு இரண்டு: மணமானவர் மதாம், மணமாகாதவர் மத்முவாசெல். வரி கட்டவோ பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவோ போகிற பெண், தன் பெயரை எழுதுமுன் தனக்குக் கணவன் உண்டா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். ஆணிடம் அந்தக் கேள்வியே கிடையாது. இருபது வயதிலும் முசியே, எண்பதிலும் முசியே. நமக்கு இது விளங்காத கதையல்ல. ஒரு திருவும், திருமதி, செல்வி என இரண்டுமாகத்தானே நாமும் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது கட்டத்தை எடுத்துவிடச் சொன்னபோது பலர் மரபு மரபு என்றார்கள். அந்த மரபுக்கு என்ன வயது என்று பார்ப்போம்.

பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் இவ்விரு சொற்களும் முதன்மையாகப் பிரித்தது திருமணத்தை அல்ல, அந்தஸ்தை. மதாம் உயர்குடிப் பெண்ணுக்கு உரியது. அதற்குக் கீழ்ப்படியில் இருந்தவர் தாலி கட்டாத நாட்டில் மோதிரம் மாற்றி எத்தனை பிள்ளை பெற்றிருந்தாலும் மத்முவாசெல்தான். நாடகாசிரியர் மொலியேர் 1662இல் நடிகை அர்மாந்த் பெழாரை மணந்தார். அதன்பின் அவர் பெயர் 'மத்முவாசெல் மொலியேர்'. அடுத்த ஆண்டு மொலியேர் எழுதிய 'வெர்சாய் ஒத்திகை' நாடகத்தில் நடிகர்கள் தங்களாகவே மேடைக்கு வருகிறார்கள். அதன் பாத்திரப் பட்டியலிலும் அவர் அப்படியே இருக்கிறார். கணவன் பெயருக்கு முன்னால் மத்முவாசெல்! பின்னாளைய இலக்கணத்தில் இது பிழை. அன்று யாருக்கும் உறுத்தவில்லை.

மறுகோடியில் பதினைந்தாம் லூயி மன்னரின் மகள் அதெலாயித் இருக்கிறார். கடைசிவரை மணம் செய்துகொள்ளாதவர். ஆனாலும் 'மதாம் அதெலாயித்'. அரசன் மகள் என்ற தகுதி போதுமானதாக இருந்தது. பதின்மூன்றாம் லூயியின் தம்பி மகளான மோன்பான்சியே சீமாட்டிக்கோ வெறும் 'மத்முவாசெல்' என்பதே பட்டம். பெயர்கூடச் சேர்க்க வேண்டியதில்லை. 1652இல், பிரபுக்களின் கலகத்தின்போது, பஸ்தீய் கோட்டையின் பீரங்கிகளை அரசப் படைமீது சுடவைத்தவர் அவர். மத்முவாசெல் என்றதும் இளமை, நாணம், கன்னிமை என்று கனவு காண்பவர்கள் அந்தப் பீரங்கிச் சத்தத்தையும் கொஞ்சம் கேட்கலாம்.

புரட்சி வந்தது. 1792இல் முசியே, மதாம் எல்லாம் போய், எல்லோரும் குடிமகன், குடிமகள் ஆனார்கள். அழைப்பில் வந்த சமத்துவம் வாக்குரிமையில் வரவில்லை. அதற்குப் பெண்கள் 1944 வரை காத்திருக்க நேர்ந்தது. பழைய சொற்கள் விரைவில் திரும்பின. திரும்பியவை மெல்லப் பொருள் மாறிக்கொண்டன. 1804இல் நெப்போலியனின் உரிமையியல் சட்டம், கணவன் மனைவியைக் காக்க வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று 213ஆம் பிரிவில் எழுதிவைத்தது. அந்தக் கீழ்ப்படிதல் 1938இல்தான் நீங்கியது. கணவன் அனுமதியின்றி வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் 1965 ஆனது. இப்படிப்பட்ட நூற்றாண்டில்தான் மதாம் என்பது ஒருவனுடைய மனைவி என்றும், மத்முவாசெல் என்பது இன்னும் எவனுடைய மனைவியும் ஆகாதவள் என்றும் நிலைபெற்றன. இளம் பிரபுவைக் குறிக்க 'தமுவாசோ' என்று ஓர் ஆண்பால் சொல்லும் ஒரு காலத்தில் இருந்தது. அது வழக்கொழிந்ததற்கு எந்த மரபுக்காவலரும் அழுததாகத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை, சட்டம் இதைக் கேட்கவே இல்லை என்பது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் கொள்ளலாகாது என்ற 1794ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. திருமணத்தால் பெண்ணின் பெயர் சட்டப்படி மாறுவதில்லை. மாற்றியது வழக்கமும் அலுவலக மேசையும்தான். தனிவாழ்வில் தலையிடும் குறிப்புகளைத் தவிர்க்கச் சொல்லி 1967இலும் 1974இலும் சுற்றறிக்கைகள் போயின. மேசைகள் அசையவில்லை.

2011 செப்டம்பரில் 'ஓஸே ல ஃபெமினிஸ்ம்', 'ஷியென் த கார்த்' என்ற இரு பெண்ணிய அமைப்புகள் இதைக் கையில் எடுத்தன. கூலியில் பாகுபாடு, வீட்டில் அடி. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு கட்டத்துக்கா போராட்டம் என்று கேட்டார்கள். பெண்கள் எதைக் கேட்டாலும் அதைவிடப் பெரியது ஒன்றைக் காட்டி வாயடைப்பது எல்லா மொழியிலும் நடப்பது. 2012 பிப்ரவரி 21 அன்று பிரதமர் ஃபிரான்சுவா ஃபியோனின் சுற்றறிக்கை வந்தது: மத்முவாசெல் வேண்டாம், 'கன்னிப்பெயர்' வேண்டாம், 'கணவர் பெயர்' வேண்டாம். ஏற்கெனவே அச்சான படிவங்களைத் தீரும்வரை பயன்படுத்தலாம் என்றும் ஒரு வரி.

எதிர்த்தவர்களில் பெண்களும் உண்டு. அவர்கள் வாதத்தை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். மேடையில் மணமான நடிகையையும் மத்முவாசெல் என்பது பழைய வழக்கம். கோகோ ஷானெல் முதுமையிலும் மத்முவாசெல்தான். யாருடைய பெயருக்குள்ளும் அடங்காமல் தன் உழைப்பால் நின்றவர் என்ற பெருமை அதில் ஒலித்தது. ஆனால் ஒருத்தி விரும்பிச் சூடிக்கொள்வது வேறு, எழுத்தர் எல்லோரையும் கேட்பது வேறு. சுற்றறிக்கையை எதிர்த்த வழக்கை நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பர் 26இல் தள்ளுபடி செய்தது.

சுற்றறிக்கை கட்டுப்படுத்துவது காகிதத்தைத்தான், நாக்கை அல்ல. 2014 அக்டோபரில் நாடாளுமன்றக் கூட்டத்தைத் தலைமையேற்று நடத்திக்கொண்டிருந்தவர் சாந்த்ரீன் மாஸ்தியே. உறுப்பினர் ழுலியேன் ஓபேர் அவரை 'மதாம் ல பிரெசிதான்' என்று ஆண்பாலில் விளித்தார். 'மதாம் லா பிரெசிதாந்த்' என்று பெண்பாலில் சொல்லுங்கள் என்றார் அவர். பிரெசிதாந்த் என்றால் தலைவரின் மனைவி என்று பொருள்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு பெண்பால் கூடாது என்போர் அன்றும் இருந்தார்கள். ஓபேர் மீண்டும் ஆண்பாலிலேயே விளித்தார். அவருடைய ஒரு மாதப் படியில் கால்பங்கு வெட்டப்பட்டது.