நூற்று நான்கு அடிக்கு மேலே

முல்லைப் பெரியாறு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அணைதான். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய 155 அடிச் சுவர், அதைக் கட்டிய பென்னிகுக், 1895 அக்டோபரில் அதைத் திறந்துவைத்த ஆளுநர் வென்லாக் பிரபு, பின்னாளைய வழக்குகள் என்று பேச்செல்லாம் அந்தச் சுவரையே சுற்றிவருகிறது. ஆனால் வைகைப் பக்கம் வரும் தண்ணீர் அணை வழியாக வருவதில்லை. அணையில் தேங்கும் நீர் பின்னோக்கி ஏறி, பள்ளத்தாக்குகளில் கிளை கிளையாகப் பரவி, அவற்றில் ஒரு கிளையின் கோடியில், தேக்கடியில், திறந்த வெட்டுக் கால்வாய்க்குள் நுழைகிறது. அங்கே ஷட்டரைத் தூக்கினால் மலைக்குள் இருக்கும் சுரங்கத்துக்குள் போய்விடுகிறது. முதலில் குடைந்தபோது அந்தச் சுரங்கத்தின் அகலம் 12 அடி, உயரம் ஏழரை அடி, நீளம் 5,704 அடி. உள்ளே நிற்கும் சராசரி ஆள் கையை உயர்த்தினால் கூரை கிட்டத்தட்ட எட்டிவிடும். இந்தத் திட்டத்தின் மையம் இந்தச் சிறு துளைதான். அணை அதற்குத் துணையாகக் கட்டப்பட்டது என்பது என் வாதம்.

அணையின் நீர்மட்டக் கணக்கே இதற்கு முதல் சான்று. தினமும் செய்தித்தாளில் வரும் 'அணையின் நீர்மட்டம்' ஆற்றுப்படுகையிலிருந்து அளக்கப்படுவது. அதில் 104 அடி வரை எவ்வளவு தண்ணீர் நின்றாலும் தமிழகத்துக்கு வராது. சுரங்கத்துக்குப் போகும் வழி அதற்கு மேலேதான் இருக்கிறது. முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 15.5 டிஎம்சி, அதில் பாசனத்துக்கு எடுக்க முடிவது 10.5 டிஎம்சி அளவுதான். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர், மற்றத் தண்ணீரைத் தூக்கிப்பிடிக்கும் படியாக அப்படியே கிடக்கிறது. சாதாரண நீர்த்தேக்கத்தில் மதகு அடியில் இருக்கும், தண்ணீர் தானே கீழே இறங்கும். இங்கே ஆற்றை நூறு அடிக்கு மேல் உயர்த்தினால்தான் முதல் சொட்டே மலையைத் தாண்டும். அப்படியானால் அணையின் உயரத்தை முடிவு செய்தது எது?

திட்டத்தின் பழைய கதையும் இதையே சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இந்த ஆற்றைத் திருப்பும் யோசனையோடு ஆட்களை மலைக்கு அனுப்பினார். பணம் இல்லாமல் அது நின்றது. 1808இல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் வந்து பார்த்து, வேண்டாம் என்று எழுதினார். தண்ணீரைக் கொண்டுபோக மலையை நூறு அடிக்கும் மேல் ஆழமாக வெட்ட வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காலத்துக்கு அது நியாயமான முடிவுதான், அவரைக் குறை சொல்வதற்கில்லை. 1850இல் ஒரு சிறு அணை தொடங்கிக் கைவிடப்பட்டது. 1876-77 பஞ்சம் மதுரைச் சீமையை உலுக்கிய பிறகு, 1882இல் பென்னிகுக்கிடம் வேலை வந்தது. கால்டுவெல் மலையைக் கீழே வெட்டும் வழியைப் பார்த்தார். பென்னிகுக்கின் திட்டம் ஆற்றை மேலே ஏற்றி, மிச்சமிருந்த மேட்டைச் சுரங்கத்தால் துளைத்தது. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். சுரங்கத்தைத் தாழ்த்தினால் அணை குட்டையாகும், சுரங்கம் நீளும். சுரங்கத்தை உயர்த்தினால் அணை வானத்துக்குப் போகும்.

கஷ்டமெல்லாம் அணையில்தானே என்று கேட்கலாம். உண்மைதான். வெள்ளம் கட்டுமானத்தை அடித்துக்கொண்டு போனது. மலைக் காய்ச்சலிலும் பிற நோய்களிலும் 483 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது, அவர்களின் கல்லறைகள் அணைக்கு அருகில்தான் இருக்கின்றன. சுரங்கத்துக்கு அப்படி ஒரு சோகக் காவியம் கிடையாது. ஆனால் எது அதிகம் வருத்தியது என்பது ஒரு கேள்வி, எது எதற்காகக் கட்டப்பட்டது என்பது வேறு கேள்வி. அவ்வளவு உயரச் சுவரை அந்தக் காட்டாற்றில் எழுப்பியே தீர வேண்டிய கட்டாயம் தேக்கடி மேட்டிலிருந்து வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இது தெரியாததல்ல. பென்னிகுக்குக்கு 2013இல் திறந்த மணிமண்டபம் லோயர் கேம்பில், மின்நிலையக் குழாய்கள் மலையிலிருந்து இறங்கும் அடிவாரத்தில் இருக்கிறது.

இன்னொரு மறுப்பு கேரளத்திலிருந்து வருவது: ஆறும் நிலமும் எங்களுடையவை, சுரங்கம் எங்கள் ஆற்றைக் களவாடும் வழி. திருவிதாங்கூரோடு செய்த 1886 அக்டோபர் 29ஆம் தேதி குத்தகை ஒப்பந்தம் 999 ஆண்டுகளுக்கானது. நீர்ப்பரப்புக்கு 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய், ஆகமொத்தம் 40,000 ரூபாய். பிரிட்டிஷ் ரெசிடென்டின் நிழலில் திருவிதாங்கூர் பேரம் பேசிய நிலையைப் பார்த்தால் அந்த மனக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. குத்தகை முழுகும் நிலத்துக்குக் கணக்கிடப்பட்டது, மலையைத் தாண்டும் தண்ணீருக்கு அல்ல என்பதும் உண்மை. 1970இல் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயானது, லோயர் கேம்ப் மின்சாரத்துக்கும் தொகை வந்தது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், மதிப்பு முழுவதும் துளையில் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

1979இல் பாதுகாப்பு அச்சத்தில் 152 அடி முழு நீர்மட்டத்தை 136ஆகக் குறைத்தபோது, பார்வைக்குப் போனது 16 அடிதான். சுரங்கத்தின் கண்ணால் பார்த்தால் 104க்கு மேலுள்ள 48 அடியில் 16 அடி, அதுவும் ஏரி அகன்று விரியும் மேல்பகுதி. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அந்த வழக்குக்காக நீதிபதி ஆனந்த் தலைமையில் அமைந்த குழு, புதிய அணை என்ற கேரளத்தின் யோசனையோடு வேறொரு வழியையும் முன்வைத்தது: 50 அடி மட்டத்தில் புதிதாக ஒரு சுரங்கம். அது வந்தால் இன்று படியாகக் கிடக்கும் தண்ணீரில் பெரும்பகுதி பாசனத்துக்கு வரும். அணையில் உயர்ந்த மட்டத்தைப் பிடித்துவைக்கும் தேவையும் குறையும். தமிழகத்துக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு என்ற இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும் யோசனை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தச் சுரங்கத்தின் வாய் பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஏரிக்கரையில்தான் திறக்க வேண்டும். அங்கே வெடி வைக்க அனுமதி கேரளத்திலிருந்தும் வனத்துறையிலிருந்தும் வர வேண்டும்.