அடை படுக்காத வாத்து

ஈக்காட்டுத்தாங்கல் என்றால் இன்றைக்குப் பலருக்கும் மெட்ரோ ரயில் நிலையந்தான் ஞாபகத்துக்கு வரும். தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி என்பதை ஊர்ப்பெயர் மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறது. நான் சிறு பிராயத்தில் இருந்தபோது எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. அதில் மூன்று வாத்துகள் நீந்தின. அவற்றின் கதையைச் சொல்வதானால் ரோமாபுரி வரையில் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாத்துகளை வாங்கியவள் என் சின்ன அத்தை. கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லையென்று புக்ககத்தார் அவளைப் பிறந்தகத்தில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிட்டபடி ஊர் ஊராகப் போகும் வாத்துக்காரர் ஒருவர், ஒரு நாள் எங்கள் பக்கம் வந்தார். அவரிடம் அத்தை மூன்று வாத்துகளை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வாத்து பெரும்பாலும் விடியற்காலை இருட்டில் முட்டையிடும். சீக்கிரம் திறந்துவிட்டால் முட்டை குட்டையோடு போய்விடும். அத்தை வெயில் ஏறிய பிறகே கூண்டைத் திறப்பாள். முட்டைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு வாத்தாவது அடை படுக்க வேண்டுமே! இட்ட முட்டையைத் திரும்பியும் பாராமல் தண்ணீருக்கு ஓடின. "பெத்ததைத் திரும்பிப் பாக்காத ஜென்மம்!" என்று பாட்டி திட்டினாள். பிறகு எட்டு முட்டைகளை எடுத்து ஓர் அடைக்கோழியின் கீழே வைத்தாள்.

பாட்டி செய்தது புதிய யுக்தி அல்ல. கி.மு. 45இல் ரோமாபுரியின் சிசரோ, கடவுளரின் இயல்பைப் பற்றிய தம் நூலில், வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அதற்கடுத்த நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா, காட்டு வாத்தின் முட்டைகளைச் சதுப்பு நிலத்திலிருந்து பொறுக்கிவந்து கோழியின் கீழ் வைக்கச் சொல்கிறார். கிழக்காசியாவில் சூடேற்றிய உமியில் வைத்துப் பொரித்தார்கள்.

அப்படியானால் வாத்து பிறவியிலேயே பொறுப்பற்றதா? இல்லவே இல்லை. நம் வீட்டு வாத்துகளில் பெரும்பாலானவற்றின் மூதாதை, ஆணுக்குப் பச்சைத் தலையுள்ள ஒரு காட்டு வாத்து. அந்தப் பெட்டை தன் மார்புத் தூவியையே பிடுங்கிக் கூட்டில் மெத்தை போட்டு, சுமார் 28 நாள் அடை காக்கும். ஆனால் அடை படுத்த வாத்து முட்டையிடுவதை நிறுத்திவிடும். வளர்ப்பவனுக்கு அது நஷ்டம். எனவே அடை படுக்காமல் இட்டுக்கொண்டேயிருக்கும் பெட்டையின் முட்டைகளையே அவன் வம்சத்துக்கு எடுத்து வைத்தான். தலைமுறை தலைமுறையாக இது நடந்தது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேம்பெல் சீமாட்டி உருவாக்கத் தொடங்கிய காக்கி கேம்பெல் ஜாதி, வருஷத்துக்கு 300 முட்டை வரையில் இடும். அடை படுப்பதோ அபூர்வம். தென்னமெரிக்காவைச் சேர்ந்த மஸ்கோவி வாத்து வேறு இனம். அது இன்றும் 35 நாள் பொறுமையாக அடை காக்கிறது.

1859இல் டார்வின் ஒரு கணக்கைச் சொன்னார்: காட்டு வாத்தோடு ஒப்பிட்டால் வீட்டு வாத்துக்கு இறக்கை எலும்பு இலேசு, கால் எலும்பு கனம். எலும்பே மாறும்போது குணம் மாறாதா? 1930களில் அமெரிக்காவில் ஆஸ்கார் ரிடிலும் அவருடைய சகாக்களும், மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த புரோலாக்டின் என்ற பொருளைக் கோழிகளுக்குச் செலுத்தி அடை படுக்கச் செய்தார்கள். பாட்டி 'ஜென்மம்' என்று திட்டியது உண்மையில் ஒரு சுரப்பின் கதை. அதைக் குறைத்துவைத்தவர்களோ, முட்டை தின்ற நாம்தான்.

இனிக் கொல்லைக்குத் திரும்புகிறேன். கோழி தன் குஞ்சுக்கு 21 நாள் இருந்தால் போதும். வாத்து முட்டைக்காக மேலும் ஒரு வாரம் உட்கார்ந்தது. நாள் கடந்தும் ஒன்றும் பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தால் எட்டும் கூமுட்டை.

"மலட்டு வாத்து!" என்றாள் பாட்டி. சொன்ன பிறகுதான் அத்தை பக்கத்தில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அத்தை ஒன்றும் பேசாமல் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த முறை வாத்துக்காரர் வந்தபோது பாட்டி சண்டைக்குப் போனாள். அவர் குட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மூணும் பெட்டையாச்சேம்மா! ஆண் இல்லாம எட்டு என்ன, எண்பது வெச்சாலும் கூமுட்டைதான். வாத்து மேல ஏன் பழி போடறீங்க?"

கோழி வளர்த்த பாட்டிக்கு இது தெரியாததல்ல. தெருவெல்லாம் சேவல் திரிந்ததால் அதைப் பற்றி யோசிக்க வேண்டியிராமல் போயிற்று. ஆண் துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். கரு மட்டும் இராது. ஐந்தாறு பெட்டைகளுக்கு ஓர் ஆண் போதும் என்று சொல்லி, அவரே ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் முறை அடை வைத்த ஏழாம் நாள் இரவு, அத்தை ஒவ்வொரு முட்டையாக எடுத்துச் சிம்னி விளக்குக்கு முன்னால் பிடித்தாள். உள்ளே சிலந்தியைப் போலச் சிவந்த நரம்புகள் ஓடியிருந்தன. என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் கை நடுங்கிற்று.

ஆறு குஞ்சுகள் பொரித்தன. குட்டையைக் கண்டதும் ஆறும் தண்ணீரில் இறங்கிவிட்டன. கோழி கரையில் நின்று கத்தியபடி இங்குமங்கும் ஓடிற்று. குஞ்சுகள் தண்ணீரைக் கண்டதும் வளர்த்த கோழியை விட்டுப் போய்விடும் என்று சிசரோ எழுதியிருப்பதைப் பல வருஷங்களுக்குப் பிறகு படித்தபோது, எனக்கு எங்கள் கொல்லைதான் கண்முன் வந்தது. அன்று அத்தை அந்தக் கோழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வந்துடும், வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆறும் திரும்பி வந்து, கோழியின் சிறகுக்குள்ளேயே ஒண்டிக்கொண்டன.

அன்று இரவு பாட்டி தாத்தாவிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. "நம்ம பொண்ணை எத்தனையோ டாக்டர்கிட்டக் காட்டினோம். மாப்பிள்ளையை யாராவது ஒரு தடவையாவது காட்டினாங்களா?"

தாத்தா பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழுவதற்கு எட்டு வருஷமும் எட்டுக் கூமுட்டைகளும் வேண்டியிருந்தன. அத்தை புக்ககத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பாட்டி அந்த வார்த்தையை, வாத்தைப் பார்த்துக்கூட, மறுபடி சொன்னதில்லை.