லெலோங்: கோவா வீதியிலிருந்து வீட்டுக் கதவு வரை வந்த ஒரு சொல்

சுவா வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ‘லெலோங்’ என்றதும் இரவுச் சந்தைதான் நினைவுக்கு வரும். சட்டைகளையும் செருப்புகளையும் குவித்து வைத்துக்கொண்டு வியாபாரி தொண்டை கிழியக் கூவுவார். அங்கே அந்தச் சொல்லுக்கு மலிவு என்று அர்த்தம். வங்கியின் வழக்கறிஞர் அனுப்பிய கடிதத்தைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே சொல்லைச் சொல்லும்போது, வீடு கைவிட்டுப் போகிறது என்று அர்த்தம்.

நம் மக்களிடம் இதற்கு இன்னொரு சொல்லும் உண்டு. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்ததும் அம்மன் சேலையையும் மாலையையும் ஏலம் விடுவார்கள். பக்தியோடு போட்டி போட்டு விலையை ஏற்றுவார்கள். கோயில் ஏலத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

‘ஏலம்’ தமிழ், ‘லெலோங்’ மலாய் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இரண்டும் உடன்பிறப்புகள். ‘லெய்லாவ்’ என்ற போர்த்துகீசியச் சொல்தான் இவற்றின் தாய். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் ஏலத்தின் மூலம் போர்த்துகீசியம் என்றே குறிக்கிறது. மலையாளத்தில் அது லேலம், இந்தியில் நீலாம், இந்தோனேசியாவில் லெலாங். போர்த்துகீசியரோ அதை அரபு மொழியிலிருந்து பெற்றனர் என்பது அகராதிகள் தரும் விளக்கம்.

கோவாவில் காலை ஏழு மணி

லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் 1583 முதல் சில ஆண்டுகள் கோவாவில் பேராயரிடம் பணியாற்றினார். 1596 இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்த ‘லெய்லாவ்’ பற்றிய வர்ணனை இருக்கிறது. ஞாயிறும் திருநாளும் தவிர, தினமும் காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை நகரின் பெரிய வீதியில் கூட்டம் கூடும். குதிரைகள், துணிமணிகள், நகைகள் எல்லாம் விலை கூறப்பட்டன. அடிமைகளும் விற்கப்பட்டனர் என்பது அந்த வீதியின் இருண்ட பக்கம்.

அங்கே ஒரு சட்ட நடைமுறையும் இருந்தது. யாராவது இறந்துபோனால் அவருடைய உடைமைகள் அங்கே பகிரங்கமாக விற்கப்பட வேண்டும். ராஜப்பிரதிநிதியின் பொருளானாலும் இதற்கு விலக்கில்லை. வாரிசு கடல் கடந்து இருக்கக்கூடும். நாலு பேர் அறியாமல் குறைந்த விலைக்குப் பொருளைத் தள்ளிவிட முடியாதபடி இந்தக் கூவல் ஒரு காவலாக இருந்தது எனலாம்.

மலாக்காவில் தமிழ் வணிகர்கள்

போர்ட்டிக்சனிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் மலாக்கா. 1511 இல் அல்புகெர்க் அந்த நகரைக் கைப்பற்றியபோது அங்கே தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு இருந்தனர். அவர்களில் நைனா செட்டு என்பவரைப் போர்த்துகீசியர் பெண்டஹாரா பதவியில் அமர்த்தினர். முஸ்லிம் அல்லாத மக்களின் விவகாரங்கள் அவர் பொறுப்பில் வந்தன.

கப்பல் வந்து இறங்கியதும் பத்து, இருபது வணிகர்கள் கூடி விலை கேட்டு, நிர்ணயித்து, சரக்கைத் தங்களுக்குள் பங்கிட்டுக் கொள்ளும் பழக்கம் மலாக்காவில் இருந்ததை அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. ஆக, கூடி நின்று விலை கேட்பது இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல, பெயர்தான் புதிது.

1641 இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தனர். ஏலத்துக்கு அவர்களிடம் ‘வெண்டு’ என்ற சொந்தச் சொல் இருந்தது. இலங்கையில் சிங்கள மக்கள் அதை ‘வெந்தேசி’ என்று ஏற்றுக்கொண்டனர். மலாய் மொழியோ பழைய சொல்லை விடவில்லை. இந்தோனேசியாவில் 1908 இல் டச்சு அரசு இயற்றிய ஏலச் சட்டத்தின் பெயரில் ‘வெண்டு’ இருந்தாலும், மக்கள் வாயில் லெலாங்தான் நிலைத்தது.

ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

லின்ஸ்கோட்டனின் நூல் 1598 இல் ஆங்கிலத்துக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு இந்தச் சொல் சிக்கலைக் கொடுத்தது. அவர் போர்த்துகீசியச் சொல்லை அப்படியே வைத்துவிட்டு, ‘அவுட்ரூப்’ என்று விளக்கம் தந்தார். அதுவும் டச்சு வழியாக வந்த சொல்தான். உரக்கக் கூவுதல் என்று பொருள். பின்னர் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் ‘அவுட்கிரை’ என்றனர். 1886 இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியும் நீலாம் என்ற சொல்லுக்கு இந்த விளக்கத்தைத் தருகிறது. தமிழில் ‘ஏலம் கூறுதல்’ என்பதும் இதே கருத்துதான்.

இந்த விளக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். எல்லாரும் கூவலை மொழிபெயர்த்தார்கள். கூவலுக்கு முன்னும் பின்னும் உள்ள நடைமுறை அந்தச் சொற்களுக்குள் அடங்கவில்லை. இன்றைய தொல்லையும் அதுதான். ‘லெலோங்’ என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். சொல் தெரிவதால் விஷயமும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கூவலுக்கு முன் உள்ள நாட்கள்

லயத்து வீட்டை விட்டு வெளியேறி, வங்கிக் கடனில் மலிவு விலை வீடு வாங்கிய தோட்டத்துக் குடும்பங்கள் ஏராளம். தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதை 1965 ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் படிப்படியாகச் சொல்கிறது. நிலம் அடமானமாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால், முதலில் 16-டி பாரம் வரும். ஒப்பந்தத்தில் வேறு கால அளவு குறிக்கப்படாவிட்டால், பாக்கியைச் சரிசெய்ய அது ஒரு மாத அவகாசம் தருகிறது. இது எச்சரிக்கை மட்டுமே. இந்தக் கட்டத்தில் வீடு இன்னும் ஏலத்துக்குப் போகவில்லை.

அதன் பிறகு வங்கி விற்பனை உத்தரவு கேட்கும். பட்டாவின் வகையைப் பொறுத்து அது உயர்நீதிமன்றத்துக்கோ நில அலுவலகத்துக்கோ போகும். விசாரணை நாளில் வீட்டுக்காரர் நேரில் வந்து, உத்தரவு ஏன் கூடாது என்று காரணம் காட்டலாம். ‘எப்படியும் லெலோங்தானே’ என்று அன்றைக்கு வேலைக்குப் போய்விடுபவர்கள், தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் நல்ல வாய்ப்பை இழக்கிறார்கள்.

உத்தரவு வந்த பிறகும் கதவு முழுதாக மூடப்படுவதில்லை. ஏலம் முடிவதற்கு முன் எந்த நேரத்திலும் செலுத்த வேண்டிய தொகையைக் கட்டிவிட்டால் உத்தரவு செயலிழந்துவிடும். இதைச் சட்டத்தின் 266 ஆம் பிரிவு சொல்கிறது. ஏலம் எடுப்பவர் ரிசர்வ் விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டி, மீதியை 120 நாட்களுக்குள் செலுத்த வேண்டும்.

இன்னும் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. வீடு போனதோடு கடனும் தீர்ந்தது என்பது ஒன்று. விற்ற பணம் போதாவிட்டால் மீதியை வங்கி கேட்கும். விற்ற பணம் முழுதும் வங்கிக்கே என்பது மற்றொன்று. கடனும் செலவும் போக மிச்சமிருந்தால் அது வீட்டுக்காரருக்குச் சேர வேண்டும்.

கோவா வீதியில் அந்தக் கூவல், இல்லாத வாரிசின் சொத்துக்குக் காவலாக நின்றது. இன்றைய நடைமுறையிலும் வீட்டுக்காரருக்கான காவல் இருக்கிறது. ஆனால் அது மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட நோட்டீசுக்குள் இருக்கிறது. பெற்றோர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது படித்த பிள்ளைகளின் கடமை. கடிதம் வந்த அன்றே தேதியையும் தொகையையும் அலுவலகத்தின் பெயரையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். விசாரணை நாளில் அப்பாவோடு கூடவே போய் நில்லுங்கள்.