தோள் கொடுத்தோம், பாதை கொடுத்தோமா?



ஒவ்வொரு முறை கூடும்போதும் நாம் பெருமையாகப் பேசும் கதை ஒன்று உண்டு. இளம்பிள்ளை வாதத்தால் நடக்க முடியாத நம் வகுப்புத் தோழனை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப் போனோமே, அந்தக் கதைதான். சென்ற ஆண்டு அதை நான் ஆரம்பித்ததும் அவனே சிரித்தபடி சொன்னான்: "நீங்க கட் அடிச்ச அன்னிக்கெல்லாம் எனக்கும் லீவுதான்டா. பாத்ரூமுக்கு உங்களைக் கூப்பிடணுமேன்னு சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. வேறு எங்காவது இதற்கு வழி கண்டிருக்கிறார்களா என்று தேடிப் படித்தேன். அந்தத் தேடல் என்னை அமெரிக்காவின் பெர்க்லி நகருக்குக் கொண்டுபோனது.

எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞருக்கு 1953இல், பதினான்காம் வயதில், போலியோ தாக்கியது. கழுத்துக்குக் கீழே உடல் ஏறக்குறைய முழுவதும் செயலிழந்தது. இரவில் மூச்சு விட இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். 1962இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேர்ந்தார். சுமார் 800 பவுண்டு எடையுள்ள அந்த இயந்திரத்தை ஹாஸ்டலில் வைக்க முடியாது. மாணவர் நலப் பிரிவின் தலைவர் டாக்டர் ஹென்றி ப்ரூன் ஒரு வழி சொன்னார்: வளாகத்திலுள்ள கோவல் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் தங்கட்டும், நோயாளியாக அல்ல, மாணவனாக!

மறு ஆண்டு ஜான் ஹெஸ்லர் வந்து சேர்ந்தார். 1960களின் கடைசியில் அந்த மாடியில் ஏறக்குறைய பன்னிரண்டு பேர். 'ரோலிங் குவாட்ஸ்' என்று தங்களுக்குத் தாங்களே கேலியாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கை கால் முடங்கியும் சக்கரத்தில் உருண்டு போகிறவர்கள் என்று பொருள். இரண்டு பேரை அங்கிருந்து வெளியேற்ற 1969இல் முயற்சி நடந்தபோது எல்லோரும் சேர்ந்து போராடித் தடுத்தார்கள். இடம் கொடுத்தால் மட்டும் போதாது, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்று அப்போது உணர்ந்தார்கள்.

1970இல் மத்திய அரசின் நிதியுதவியோடு அவர்களே ஒரு மாணவர் சேவை மையம் தொடங்கினார்கள். அங்கே கட்டிலும் இல்லை, ஊசியும் இல்லை. சக்கர நாற்காலி ரிப்பேர் செய்தார்கள். உதவியாளர்களைத் தேடிக் கொடுத்தார்கள். வாடகை வீடு பார்த்துத் தந்தார்கள். பார்வையற்றவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்ட ஆள் ஏற்பாடு செய்தார்கள். நாற்காலி பழுதானால் வகுப்பு போச்சு, அப்புறம் ரிப்பேர் கடையும் படிப்பில் சேர்ந்ததுதானே?

1972இல் இதே வழியில் ஊர் மக்களுக்காகவும் பெர்க்லியில் ஒரு மையம் எழுந்தது. 1973இல், அரசுப் பணம் பெறும் நிறுவனங்கள் ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தக் கோரி 1977இல் சான்பிரான்சிஸ்கோ அரசுக் கட்டடத்தில் மூன்று வாரத்துக்கும் மேலாக உள்ளிருப்புப் போராட்டம் நடத்தி ஜெயித்தார்கள். ஒரு வேடிக்கை கேளுங்கள். இவரால் வேலை பார்க்க முடியாது என்று ராபர்ட்ஸுக்கு முதலில் உதவி மறுத்தது கலிபோர்னியா மாநில மறுவாழ்வுத் துறை. 1975இல் அதே துறைக்கு அவரே இயக்குநரானார்! 1995இல் காலமானார்.

நம் நாட்டிலும் 1995இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2016இல் விரிவான சட்டமும் வந்தன. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். வளாகமும் கட்டடங்களும் அவர்கள் புழங்கும்படி இருக்க வேண்டும். ஆனால் சீட் கிடைத்த பிள்ளை வகுப்புக்குள் போக முடியாவிட்டால் என்ன பயன்?

நண்பர்களே, நம் தோழனை நாம் தூக்கியது அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் "கிளாஸைக் கீழே மாத்துங்க சார்" என்று நம்மில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே! ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் கதவுள்ள ஒரு கழிப்பறை, தேவைப்படுகிற வகுப்பு தரைத்தளத்தில். இந்த ஆண்டு சங்கம் இம்மூன்றையும் கையில் எடுக்கட்டும். எங்கே, எப்படி என்பதை இன்று படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்களிடமே முதலில் கேட்போம்.

அடுத்த சந்திப்புக்கு நம் தோழன் யார் தோளும் இல்லாமல் உள்ளே வரட்டும். வந்ததும் வயிறாரத் தண்ணீர் குடிக்கட்டும்!