பங்கு நிறுவனங்களின் கணக்கைத் தேடித் தரும் மென்பொருள்: விகிதங்களை வாசிப்பது எப்படி?

மும்பை: கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தில் ஹார்பர் வழித்தட ரயிலில் ஏறி சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் இறங்கினால், 1875-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மும்பை பங்குச் சந்தை அமைந்துள்ள தலால் தெருவை நடந்தே அடைந்துவிடலாம். ஆனால், அச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்க்க இன்று அவ்வளவு தொலைவும் செல்ல வேண்டியதில்லை. மாட்டுங்காவிலோ தாராவியிலோ கைப்பேசி வைத்திருக்கும் எவரும் அந்நிறுவனத்தின் பத்தாண்டு லாப நட்டக் கணக்கைச் சில நொடிகளில் பெற முடிகிறது.

இத்தகைய தரவுத் தொகுப்புகள் முன்னர் ஆய்வாளர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டுமே எட்டுவதாக இருந்தன. 1976-ஆம் ஆண்டு நரோத்தம் ஷா மும்பையில் நிறுவிய இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையத்தின் 'புரோவெஸ்' தரவுத்தளம் அவ்வகையில் பெயர் பெற்றது. அதற்குக் கட்டணம் உண்டு. தற்போது 'ஸ்கிரீனர்' போன்ற இணையக் கருவிகள் அடிப்படை விவரங்களைக் கட்டணமின்றி வழங்குகின்றன. நிறுவனத்தின் பெயரைத் தட்டச்சு செய்தால் சந்தை மதிப்பு, விலை-வருவாய் விகிதம், புத்தக மதிப்பு, ஈவுத்தொகை விகிதம், மூலதனத்தின் மீதான வருவாய் ஆகியவை ஒரே பக்கத்தில் தோன்றும். 'விலை-வருவாய் விகிதம் 15-க்குக் கீழ், மூலதனத்தின் மீதான வருவாய் 20 சதவீதத்துக்கு மேல்' என நிபந்தனை விதித்தால், அதற்குப் பொருந்தும் நிறுவனங்களின் பட்டியலும் கிடைக்கும்.

இவ்வெண்களை மென்பொருள் தானாக உருவாக்குவதில்லை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிந்த 45 நாள்களுக்குள் முடிவுகளையும், நிதியாண்டு முடிந்த 60 நாள்களுக்குள் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டு முடிவுகளையும் பங்குச் சந்தைகளிடம் அளிக்க வேண்டும் என்பது செபியின் விதி. அவற்றைத் திரட்டி, வகுத்துக் காட்டுவதே கருவியின் வேலை.

எடுத்துக்காட்டாக, ஒரு பங்கின் விலை 600 ரூபாய், ஓராண்டில் அப்பங்கு ஒன்றுக்குரிய லாபம் 30 ரூபாய் எனில் விலை-வருவாய் விகிதம் 20. இந்த எண் குறைவாக இருந்தால் பங்கு மலிவு என்று பலரும் முடிவு செய்துவிடுகின்றனர். பணத்தை இழக்கச் செய்யும் இடமும் பெரும்பாலும் இதுவே.

டாடா ஸ்டீல் நிறுவனத்தின் கணக்கு இதற்குச் சான்று. உலகச் சந்தையில் உருக்கு விலை உச்சத்தில் இருந்த 2021-22 நிதியாண்டில் அதன் ஒருங்கிணைந்த நிகர லாபம் 41,749 கோடி ரூபாய். அப்போது அதன் விலை-வருவாய் விகிதம் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. மறு ஆண்டில் லாபம் ஏறத்தாழ 8,075 கோடி ரூபாயாகச் சுருங்கியது. 2023-24-இல் 4,910 கோடி ரூபாய் நட்டம் பதிவானது. உருக்கு, சர்க்கரை, சிமென்ட் போன்ற ஏற்ற இறக்கத் தொழில்களில் லாபம் உச்சத்தைத் தொடும்போதுதான் விகிதம் மிகக் குறைவாகத் தெரியும். எனவே ஓராண்டு எண்ணை விடுத்து, பத்தாண்டு வரிசையைப் பார்ப்பதே பொருத்தமானது. வங்கிகளுக்கோ கடன் விகிதமே அளவுகோல் ஆகாது. வைப்புத்தொகைதான் அவற்றின் மூலப்பொருள்.

தனி நிறுவனக் கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கா என்பதையும் கவனிக்க வேண்டும். தேசிய பங்குச் சந்தை 2021 மார்ச் இறுதியில் நிஃப்டி குறியீட்டின் விகிதத்தை ஒருங்கிணைந்த கணக்கின்படி கணிக்கத் தொடங்கியபோது, ஏறத்தாழ 40 ஆக இருந்த விகிதம் ஒரே நாளில் 33-க்கு இறங்கியது. சந்தை அவ்வாறு சரியவில்லை. வகுக்கும் எண் மட்டுமே மாறியது.

இவை அனைத்தையும் விடக் கடினமான கேள்வி, கணக்கே பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்பதாகும். 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, இருப்புநிலைக் குறிப்பில் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாய் ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய செப்டம்பர் காலாண்டில் 24 சதவீதம் எனக் காட்டப்பட்ட செயல்பாட்டு லாப விகிதம் உண்மையில் 3 சதவீதமே. எந்தத் தேடலிலும் சத்யம் சிறந்த நிறுவனமாகவே தேறியிருக்கும். தணிக்கையாளரின் கையொப்பமும் இருந்தது.

அந்த முறைகேடு வெளிவந்த அதே மாதத்தில், நிறுவனர்கள் அடகு வைத்துள்ள பங்குகளின் விவரத்தை வெளியிடுவதைச் செபி கட்டாயமாக்கியது. ராஜு குடும்பத்தினர் கடனுக்காகத் தங்கள் பங்குகளை அடகு வைத்திருந்ததும், கடன் கொடுத்தவர்கள் அவற்றை விற்றதும் சிறு முதலீட்டாளர்களுக்குத் தாமதமாகவே தெரியவந்தன. இன்று அந்த விவரம் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் பங்குதாரர் விவரப் பகுதியில் காலாண்டுதோறும் வெளியாகிறது. தரவுக் கருவிகளிலும் 'அடகு வைக்கப்பட்ட சதவீதம்' என்று அதைத் தேடிப் பார்க்கலாம். விலை-வருவாய் விகிதத்தைப் போல அது பக்கத்தின் உச்சியில் இருப்பதில்லை. சற்றுக் கீழே இறங்கித்தான் பார்க்க வேண்டும்.